ஒரே டவரில் ரேடியோ மாறி மாறிச் செத்தால்

கம்பியில்லாமல் இணையம் அனுப்பும் டவரில் ஒரு ரேடியோ போனால் மாற்றிவிட்டு வரலாம். அதே டவரில் ஆறு மாதத்துக்குள் மூன்றாவதும் போனால் குறை ரேடியோவிடம் இல்லை. மின்சாரம், கேபிள், தண்ணீர், எர்த் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. பிராண்டை மாற்றிப் பார்ப்பதும், விலை கூடியதை ஏற்றிப் பார்ப்பதும் நான்காவது ரேடியோவையும் காவு கொடுக்கும் வேலைதான்.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவிலும் மிட்லண்ட்ஸ் பண்ணைகள் பக்கத்திலும் 12 முதல் 30 மீட்டர் உயர டவரில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்து நடத்தும் இணைப்புகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். டொங்காட், ஸ்டாங்கர் பக்கம் கடல் உப்பு முதல் எதிரி. டிராகன்ஸ்பர்க் மலையை நெருங்க நெருங்க இடி.

ஏறுவதற்கு முன் கீழேயே கேட்க வேண்டிய கேள்வி

இணைப்பு விழுந்து எழுந்ததும் ரேடியோவின் உள்ளே போய் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பாருங்கள். ஓடிய நேரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால் ரேடியோ அணைந்து எழுந்திருக்கிறது. அப்படியென்றால் மின்சாரத்தையோ, மின்சாரம் ஏறும் கேபிளையோ தேடுங்கள். நாற்பது நாளாக ஓடிக்கொண்டே இருந்து இணைப்பு மட்டும் அறுந்திருந்தால், ஈத்தர்நெட் போர்ட்டின் வேகத்தையும் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு கிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கோ, 100-லிருந்து 10-க்கோ இறங்கியிருந்தால் கேபிளில் ஒரு ஜோடியாவது கெட்டிருக்கிறது. போர்ட் சுத்தமாக இருந்தால் மட்டுமே அலைப் பக்கம் போகலாம்.

அலைப் பக்கத்தில் ஒரு ஏமாற்று உண்டு. இணைப்பு ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் அல்லது பத்து நிமிடம் மட்டும் விழுந்து தானாக எழுந்தால், அது பழுதே இல்லாமல் போகலாம். 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரேடியோ காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். அந்தக் காத்திருப்பு சாதாரணமாக 60 வினாடி, 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை பத்து நிமிடம். ரேடியோவின் பதிவேட்டில் ரேடார் என்ற சொல் தென்பட்டால் சேனலை மாற்றுங்கள், ஏணியை விட்டுவிடுங்கள்.

செத்த ரேடியோதான் சாட்சி

இறக்கிய ரேடியோவைக் குப்பையில் போடாதீர்கள். அதன் முதுகில் ஒரு டேப் ஒட்டி எழுதுங்கள்: தேதி, டவரின் எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் உயரம், கீழே எந்தப் போர்ட், முந்தைய 24 மணி நேரத்தில் மழையா இடியா கரண்ட் கட்டா. மூன்று ரேடியோக்களை இப்படி வரிசையாக வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மூன்றும் ஒரே கேபிளில் இருந்தவை என்றால் கேபிள். வெவ்வேறு பக்கம் இருந்தவை ஒரே இரவில் போனவை என்றால் எர்த்தோ மின்சாரமோ.

பிறகு மேசையில் வைத்து, நல்லது என்று உறுதியான ஒரு மீட்டர் கேபிளிலும் நல்லது என்று உறுதியான பிஓஇ அடாப்டரிலும் (ஈத்தர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்புவது) மாட்டுங்கள்.

விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரப் பகுதி போயிருக்கிறது. அதிக வோல்டேஜ் அல்லது இடி. விளக்கு எரிந்தும் ஈத்தர்நெட் பிடிக்கவில்லை, அல்லது 10-ல் மட்டும் பிடிக்கிறது என்றால் கேபிள் வழியாக ஏறிய சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) போர்ட்டைத் தின்றிருக்கிறது. எல்லாம் ஓடுகிறது, ஆனால் இரண்டு செயினில் (ரேடியோவின் தனித்தனி சிக்னல் பாதைகள்) ஒன்று மற்றதைவிட 15, 20 டெசிபல் கீழே கிடக்கிறது என்றால் ஆன்டெனாப் பக்கம்: ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் குட்டைக் கேபிளான பிக்டெயிலில் தண்ணீர், அல்லது பக்கத்தில் விழுந்த இடி. மேசையில் அது குறையே இல்லாமல் ஓடினால், நீங்கள் நல்ல ரேடியோவை இறக்கிவிட்டீர்கள். நோய் இன்னும் டவரில்தான் இருக்கிறது. இந்தக் கடைசி வகைதான் அதிகம் ஏமாற்றும். புது ரேடியோ ஏற்றும்போது பிளக்கைக் கழற்றி மாட்டியதில் துரு கொஞ்சம் உரசிப் போய், இரண்டு வாரம் நன்றாக ஓடும். எல்லோரும் ரேடியோதான் கெட்டிருந்தது என்று நம்பிவிடுவார்கள்.

மின்சாரம்: கூடினாலும் கொல்லும், குறைந்தாலும் கொல்லும்

சோலாரிலோ பேட்டரி பேக்கப்பிலோ ஓடும் டவரில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, அதை நேராக 24 வோல்ட் பிஓஇ-க்குக் கொடுப்பது பரவலான பழக்கம். 24 என்பது பெயர் மட்டும்தான். ஓய்வில் இருக்கும் முழு பேட்டரி ஜோடி 25.4 காட்டும். நிரம்பிய பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் ஃபுளோட் சார்ஜில் 27.2 முதல் 27.6. பூஸ்ட் சார்ஜில் 28.8, குளிர்காலக் காலையில் வெப்பநிலைத் திருத்தம் உள்ள கன்ட்ரோலர் இன்னும் மேலே தள்ளும். ரேடியோவின் அடியில் ஒட்டிய லேபிளில் உச்ச வோல்டேஜ் என்ன என்று படியுங்கள். 26 என்று எழுதியதை 28.8-ல் ஓட்டினால் அது அன்றே சாகாது. வெயில் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். நல்ல வெயிலில், காலை பத்து மணி வாக்கில் ரேடியோ போகும் டவர் என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். மருந்து எளிது: பேட்டரிக்கும் பிஓஇ-க்கும் நடுவில், உள்ளே 18 முதல் 32 வோல்ட் எது வந்தாலும் வெளியே 24 மட்டும் கொடுக்கும் டிசி கன்வெர்ட்டர். எல்லா ரேடியோக்களின் வாட்டையும் கூட்டி, அதைப்போல் ஒன்றரை மடங்கு தாங்குவதாக வாங்குங்கள்.

குறையும் பக்கம் வேறு கதை. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நாளுக்கு இரண்டு மூன்று முறை வந்த காலத்தில் பேட்டரி நிரம்ப நேரமே இல்லாமல் போனது. பல டவர்களில் இன்னும் அந்தக் களைத்த பேட்டரிகள்தான். பேட்டரி தீர்ந்து ரேடியோ அணைகிறது. பாரம் இறங்கியதும் பேட்டரியின் வோல்டேஜ் தானாக ஏறுகிறது. ரேடியோ எழுகிறது, பாரம் ஏறுகிறது, மறுபடி அணைகிறது. ஓர் இரவில் நூறு தடவை இப்படி நடந்தால், எழுந்திருக்கும் நடுவில் ஃபிளாஷ் மெமரி எழுதப்படும்போது கரண்ட் அறுந்து, ரேடியோ அமைப்புகளை இழந்து கல்லாக நிற்கும். இதற்கு லோ வோல்டேஜ் கட் தேவை: 23 வோல்ட்டில் துண்டித்து, 25 வந்த பிறகே திரும்ப இணைப்பதாக. இரண்டு எண்களுக்கும் இடைவெளி இல்லாவிட்டால் அந்தக் கருவியே இந்த ஆட்டத்தை ஆடும்.

மெயின் கரண்டில் ஓடும் டவரில் கவனிக்க வேண்டியது கரண்ட் போகும் நொடி இல்லை, திரும்பி வரும் நொடி. கிராமத்து லைனில் எல்லா ஃபிரிட்ஜும் பம்பும் ஒன்றாக எழும்போது வோல்டேஜ் தாறுமாறாக ஆடும். கரண்ட் வந்து மூன்று நிமிடம் கழித்தே இணைக்கும் டிலே பாதுகாப்பானை சார்ஜருக்கு முன்னால் வையுங்கள். ஒவ்வொரு ரேடியோவுக்கும் தனியாக 2 ஆம்பியர் ஃபியூஸ். ஒன்று ஷார்ட்டானால் மற்றவை உயிரோடு இருக்கும், எது ஷார்ட் என்பதும் தெரியும்.

மேலே போய்ச் சேர்வது எத்தனை வோல்ட்?

கீழே 24 இருக்கிறது என்பது பதில் அல்ல. பாரம் இல்லாத கேபிளின் மேல் முனையில் மல்டிமீட்டரை வைத்தாலும் 24-தான் காட்டும், கேபிள் அழுகியிருந்தாலும். பாரத்தோடு அளக்க வேண்டும்.

கார் நம்பர் பிளேட்டில் போடும் 12 வோல்ட் 5 வாட் பல்பு இரண்டைத் தொடராகச் சால்டர் செய்து, 4, 5-ஆம் பின்களை ஒரு பக்கமும் 7, 8-ஆம் பின்களை மறுபக்கமும் இணைத்த ஈத்தர்நெட் சாக்கெட் ஒன்றில் மாட்டிக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டில் ஏறக்குறைய 0.42 ஆம்பியர் இழுக்கும், அதாவது 10 வாட். ஒரு சராசரி ரேடியோவின் பசி அதுதான். இதை டவர் உச்சியில் கேபிளில் செருகி, எரியும்போதே பல்பின் இரு முனையிலும் வோல்டேஜ் அளங்கள். (ஒன்று: இது 24 வோல்ட் பாஸிவ் பிஓஇ-க்குத்தான். 48 வோல்ட் ஸ்டாண்டர்ட் பிஓஇ சுவிட்ச், எதிரில் இருப்பது தனக்குத் தெரிந்த கருவியா என்று கேட்டுவிட்டுத்தான் கரண்ட் விடும், பல்புக்கு விடாது.)

கணக்கு இது. நல்ல செம்பு கேட்-5இ (சாதாரண ஈத்தர்நெட் கேபிள் வகை) கம்பி ஒன்றின் எதிர்ப்பு 100 மீட்டருக்கு அதிகபட்சம் 9.4 ஓம். போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி என்பதால் முழுச் சுற்றுக்கும் அதே 9.4 ஓம் வருகிறது. 60 மீட்டர் கேபிளென்றால் 5.6 ஓம். 0.4 ஆம்பியருக்கு 2.3 வோல்ட் இழப்பு, மேலே 21.7 காட்ட வேண்டும். அங்கே 18 காட்டினால், கேபிளின் எதிர்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகியிருக்கிறது. அந்தக் கேபிளில் எந்த ரேடியோவை ஏற்றினாலும் அது பகலில் ஓடி, பேட்டரி இறங்கும் விடியற்காலையில் விழும்.

எதிர்ப்பு கூடியதற்கு இரண்டு காரணம்தான். ஒன்று, அது செம்பே இல்லை: அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, எதிர்ப்பு ஒன்றரை மடங்கு. கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் முழுக் கேபிளையும் இறக்கிவிடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். லைட்டர் நெருப்பில் காட்டினாலும் தெரியும்: அலுமினியம் தொங்கி விழும், செம்பு சிவந்து நிற்கும். இரண்டாவது காரணம் தண்ணீர்.

பச்சை பூத்த பிளக்

ரேடியோவின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். எட்டுப் பின்னும் தங்க நிறமாக இருக்க வேண்டும். தண்ணீர் போன பிளக்கில் 4, 5-ஆம் பின்கள், அதாவது நீல ஜோடி, பச்சை பூத்தோ கறுத்தோ இருக்கும். 7, 8-ஆம் பழுப்பு ஜோடி பெரும்பாலும் அப்படியே இருக்கும். காரணம், நீல ஜோடியில் பாஸிட்டிவ் நிற்கிறது. ஈரமும் நேர் மின்சாரமும் சேர்ந்தால் பாஸிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து போகும், முலாம் பூசும் தொட்டியில் நடப்பதேதான். கடற்கரைப் பக்கம் உப்பும் சேர்ந்து இதை வேகமாக்கும். அந்தப் பச்சையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் திரும்பச் செருகுவது காலம் கடத்தும் வேலை. பிளக்கை வெட்டி, கம்பி பளபளப்பாகத் தெரியும் இடம் வரை கேபிளை வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு மீட்டர் வெட்டியும் கம்பி கறுப்பாகவே இருந்தால் தண்ணீர் உறைக்குள் இறங்கிவிட்டது; கேபிளை மாற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் கேபிளுக்குள் குழாயில் இறங்குவதுபோல் இறங்கிக் கீழே பிஓஇ-யையும் சுவிட்சையும் நனைக்கும். மேலே ரேடியோ சாகாமல் கீழே சுவிட்ச் போர்ட் மட்டும் சாகும் டவர்களில் இதைப் பாருங்கள்.

தண்ணீர் ஏன் உள்ளே போகிறது? வெளியில் போடக் கூடாத சாம்பல் நிற வீட்டுக் கேபிள் இங்கத்திய வெயிலில் சில ஆண்டுகளில் வெடிக்கும். ரேடியோவின் கீழ்க் கதவு சரியாக மூடாமல் கேபிள் இழுத்துப் பிடித்திருக்கும். கேபிள் மேலிருந்து நேராக ரேடியோவுக்குள் இறங்கும். மருந்து இவை: கறுப்பு வெளிப்புறக் கேபிள், ஷீல்டோடு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை); ரேடியோவுக்குக் கீழே ஒரு சாண் அளவு தொங்கிவிட்டுப் பிறகு மேலேறி நுழையும் வளைவு; பிளக் பின்களில் ஒரு துளி டைஎலெக்ட்ரிக் கிரீஸ். வெளியே தெரியும் என்-கனெக்டர்களுக்கு (ஆன்டெனாக் கேபிளின் திருகு இணைப்புகள்) தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலே சுற்றுங்கள், கூரை ஓடு போல மேல் சுற்று கீழ் சுற்றை மூட வேண்டும். அதன் மேல் சாதாரண கறுப்பு டேப். சிலிக்கான் பசை பூசுவதைத் தவிருங்கள். வினிகர் வாடை வரும் வகை செம்பைத் தின்னும்.

எர்த்: இருக்கிறது என்று நினைப்பது வேறு, இருப்பது வேறு

இடி டவரின் மேல் விழத் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தாலே போதும். டவருக்கு ஓர் எர்த் கம்பி, கீழே உபகரண அறைக்கு மின்வாரிய எர்த் வேறு, இரண்டுக்கும் இணைப்பு இல்லை என்று வையுங்கள். 10 ஓம் எர்த்தில் 20,000 ஆம்பியர் இறங்கினால் அந்த எர்த் ஒரு கணம் 2,00,000 வோல்ட்டுக்கு எகிறும். அறையின் எர்த் அப்படியே கிடக்கும். இரண்டையும் இணைக்கும் ஒரே பாலம் உங்கள் ஈத்தர்நெட் கேபிள். அதன் இரு நுனியிலும் இருப்பவை ரேடியோவும் சுவிட்சும்.

அதனால் முதல் வேலை அரெஸ்டர் (சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) வாங்குவது அல்ல; எல்லா எர்த்தையும் ஒரே செம்புப் பட்டையில் கட்டுவது. டவரின் கால், அறையின் மெயின் எர்த், அரெஸ்டர்கள், பேட்டரி பெட்டி, சோலார் சட்டம், எல்லாம் 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில், குறுகிய நேர் பாதையில். சர்ஜுக்கு நீளம்தான் தடை: விரைந்து ஏறும் மின்னோட்டத்தில் ஒரு மீட்டர் கம்பியிலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அரெஸ்டரை டவர் உச்சியில் வைத்து அதன் எர்த்தைப் பத்து மீட்டர் மெல்லிய பச்சைக் கம்பியில் கீழே இறக்குவது அதை மாட்டாததற்குச் சமம். அதே இடத்தில் டவர் இரும்போடு முழங்கை நீளத்துக்குள் இறுக்குங்கள். இன்னொரு அரெஸ்டர் கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில். ஷீல்ட் உள்ள கேபிளில் பிளாஸ்டிக் பிளக் போட்டு ஷீல்டை ஒட்டி ஓடும் வெறும் கம்பியை வெட்டி எறிந்திருந்தால் ஷீல்டுக்குக் கொடுத்த காசு வீண். உலோக உறை உள்ள பிளக்கில் அதைச் சேர்த்து கிரிம்ப் செய்யுங்கள்.

துத்தநாகம் பூசிய காலில் வெறும் செம்பை நேராக இறுக்காதீர்கள். ஈரத்தில் துத்தநாகத்தைச் செம்பு தின்றுவிடும். இரண்டு மழைக்காலத்தில் போல்ட் இறுக்கமாகத் தெரியும், அடியில் துரு மட்டும் இருக்கும். தகரம் பூசிய லக் போடுங்கள்.

எர்த் தடை 10 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதை மூன்று முனை எர்த் மீட்டரால் ஆடி மாதத்தில் அளங்கள். கோயில்களில் கூழ் ஊற்றும் அந்த மாதம் இங்கே குளிரும் வறட்சியும். மண் காய்ந்து தடை உச்சத்தில் இருக்கும். அப்போது தேறினால்தான் அக்டோபரில் இடி தொடங்கும்போது நம்பலாம். ஜனவரி மழை மண்ணில் அளந்து வந்த நல்ல எண் பொய் சொல்லும். தேறாவிட்டால் இன்னொரு கம்பியை, முதல் கம்பியின் நீளத்தைப்போல் இரு மடங்கு தள்ளி அடித்து இணையுங்கள். ஒட்டி அடித்தால் பயன் கொஞ்சம்தான்.

இன்னொன்று, இந்த நாட்டில் அடிக்கடி நடப்பது: எர்த் கம்பியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள். இணைப்பு ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது, அடுத்த இடியில் எல்லாம் போகும். ஒவ்வொரு முறை டவருக்குப் போகும்போதும் எர்த் கம்பியைக் கண்ணால் அல்ல, கையால் இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் ஓரடியை விட்டுவிட்டு மண்ணுக்குள் வெட்டியிருப்பார்கள். வெளியில் தெரியும் பகுதிக்குச் செம்புக்குப் பதில் துத்தநாகம் பூசிய 25-க்கு 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை போட்டு வெல்டிங் செய்துவிடுங்கள். பழைய இரும்புக் கடையில் அதற்கு விலை இல்லை. நேரடி இடியை எந்த எர்த்தும் எந்த அரெஸ்டரும் முழுதாகத் தாங்காது; பக்கத்து இடிகளை, அவைதான் அதிகம், நன்றாகவே தாங்கும். இடி தாங்கிய அரெஸ்டர் தானே கெட்டு கேபிளை 10-க்கு இறக்கும் என்பதால் கோடைக்குப் பிறகு ஒருமுறை அதைத் தாண்டிக் கேபிளை நேராக மாட்டிப் பாருங்கள்.

சின்னச் சின்னக் கொலைகாரர்கள்

குரங்கு கேபிளைக் கடிக்கும். தோட்டத்து ஓரத்து டவரில் முதல் நான்கு மீட்டருக்கு இரும்புக் குழாய்க்குள் ஏற்றுங்கள். எறும்பும் பல்லியும் பிஓஇ பெட்டிக்குள் குடியேறும். கேபிள் துளைகளில் ரப்பர் கிளாண்ட். கரும்பு எரிக்கும் மாதங்களில் கறுப்புச் சாம்பல் அறையின் மின்விசிறி வழியாக உள்ளே வந்து, பனியில் நனைந்து, சார்ஜர் போர்டின் மேல் பிசினாக உட்காரும்; விசிறி வாயில் வடிகட்டி வைத்து, வெட்டுக்காலத்தில் மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள். சிக்னல் மட்டும் மார்கழி தை வாக்கில் இறங்கி, கரும்பு வெட்டியதும் ஏறுகிறது என்றால் அது ரேடியோ இல்லை, பயிர். டிஷ்ஷை உயர்த்துங்கள்.

திரும்ப ஏற்றும்போது

கோடையில் காலையிலேயே ஏறி மதியத்துக்குள் இறங்குங்கள். இடி காதில் விழுந்தால் இறங்கி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். இரண்டு கொக்கி உள்ள ஹார்னஸ், ஒன்று எப்போதும் மாட்டியபடி. 2014-ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகள்படி உயரத்து வேலைக்கு விழுதல் தடுப்புத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்தைப் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வரிசை இது: எர்த்தை இழுத்துப் பார், அளந்து எழுது. பேட்டரியைப் பாரத்தோடு அள. கேபிளை உச்சியில் பல்பு போட்டு அள. பிளக்கை புதிதாக கிரிம்ப் செய், எட்டுக் கம்பியும் சோதி. இவை தேறிய பிறகுதான் பெட்டியிலிருந்து புது ரேடியோ வெளியே வரலாம். மாட்டியதும் உச்சி வோல்டேஜ், ஈத்தர்நெட் வேகம், இரண்டு செயினின் சிக்னல் மூன்றையும் தேதியோடு அறைக் கதவின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரால் எழுதுங்கள். பிழை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். மறுநாளும், முதல் மழைக்குப் பிறகும் அதைப் பாருங்கள். பத்தோ இருபதோ பிழை ஏறியிருந்தால் ரேடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைத் திறந்து பார்க்கும் நேரம் அது.